வண்டிக்குப் புது ரிமோட்டை அறிமுகம் செய்த கதை

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் என் வீட்டுக்காரர் கார் கழுவினார்.

இதில் எழுத என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். இருக்கிறது. அவருக்குக் கார் ஓட்ட வராது. கழுவ மட்டும்தான் வரும். ஐம்பது வயதுக்கு மேல் டிரைவிங் ஸ்கூலுக்குப் போய் ஓட்டக் கற்றுக்கொண்டவள் நான் – இந்தப் பக்கத்தை வாராவாரம் படிப்பவர்களுக்குத் தெரியும். அவர் தாலுகா ஆபீஸில் இருந்து ரிட்டையர் ஆனதும், நான் ஓட்டுவது, அவர் கழுவுவது என்று ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தோம். மனுஷன் அதில் இன்றுவரை ஒரு குறை வைத்ததில்லை.

ஆனால், அவருக்கென்று சில சட்டங்கள் உண்டு. வண்டியைப் பூட்டிவிட்டுத்தான் கழுவ வேண்டும் என்பது அதில் ஒன்று. பூட்டினால்தான் கதவு இடுக்கு வழியாகத் தண்ணீர் உள்ளே போகாதாம். பூட்டினாலும் பூட்டாவிட்டாலும் இடுக்கு ஒன்றுதானே? கேட்டால், வாளியைத் தூக்கிக்கொண்டு வண்டியின் மறுபக்கம் போய்விடுவார். 

அன்றைக்கும் ரிமோட்டை அமுக்கிப் பூட்டினார். சாவியோடு சேர்த்து ரிமோட்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். டயரைத் தேய்க்கக் குனிந்தார்...

சோப்புத் தண்ணீர் வாளியில் 'டுபுக்' என்று ஒரு சத்தம்.

உடனே எடுத்துவிட்டார். துண்டால் துடைத்தார். ஊதினார். வெயிலில் வைத்தார். எதிர்வீட்டு அண்ணாச்சி வந்து, அரிசிக்குள் புதைத்து வைத்தால் ஈரத்தை இழுத்துவிடும் என்று சொன்னார். புதைத்தோம். மதியம் எடுத்துப் பார்த்தால், ஈரம் போயிருந்ததோ இல்லையோ, பட்டனுக்கு மேலிருந்த ரப்பர் கிழிசலுக்குள் ரெண்டு அரிசி போய் உட்கார்ந்திருந்தது. அமுக்கினால் ஒன்றும் நடக்கவில்லை.

சாவிதான் இருக்கிறதே, அதைப் போட்டுத் திறக்க வேண்டியதுதானே என்பீர்கள். அங்கேதான் சிக்கல். எங்களுடையது செகண்ட் ஹேண்ட் வண்டி. முதலில் வைத்திருந்தவர், திருட்டுக்குப் பயந்து வெளிக்கடையில் ஒரு அலாரம் வாங்கிப் பொருத்தியிருந்தார். ரிமோட்டில் பூட்டினால் ரிமோட்டில்தான் திறக்க வேண்டும். சாவியைப் போட்டுத் திருகினாலும் கதவு திறக்கும். ஆனால் சைரன் அலறும். எஞ்சினும் கிளம்பாது. திருடனுக்காகச் செய்த ஏற்பாடு... இப்போது சொந்தக்காரி நானே திருடி ஆகிவிட்டேன்.

நல்ல வேளை, மாற்று ரிமோட் ஒன்று வீட்டில் இருந்தது. பழையதின் ரப்பர் கிழிந்திருப்பதை லீவுக்கு வந்த மகள் பார்த்துவிட்டு, சென்னைக்குத் திரும்பியதும் ஆன்லைனில் ஆர்டர் போட்டு அனுப்பியிருந்தாள். அது பெட்டியைப் பிரிக்காமல் ஃபிரிட்ஜ் மேலேயே இருந்தது. புது ரிமோட்டை அப்படியே எடுத்து அமுக்கினால் வேலை செய்யாது, 'இதுதான் இனிமேல் உன் ரிமோட்' என்று வண்டிக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும், அதற்கு புரோகிராமிங் என்று பெயர் என்றெல்லாம் மகள் சொல்லியிருந்தாள். ஒரு நாள் மெக்கானிக்கிடம் கொண்டுபோய்ச் செய்துகொள்ளலாம் என்று நானும் விட்டிருந்தேன். நாம் எல்லோரும் சில வேலைகளை ஃபிரிட்ஜ் மேல்தானே வைத்திருக்கிறோம்?

மெக்கானிக்குக்கு போன் போட்டேன். கொழுந்தியாள் கல்யாணத்தில் இருந்தார். பின்னால் நாதஸ்வரம் கேட்டது. செவ்வாய்க்கிழமைதான் கடை திறப்பாராம். வாடகைக் கார் சொல்லிவைக்கலாம் என்றால், வைகாசி முகூர்த்தம். ஸ்டாண்டில் எனக்குத் தெரிந்த டிரைவர்கள் அத்தனை பேரும் ஏதோ ஒரு மாப்பிள்ளை வீட்டாரை ஏற்றிக்கொண்டு எங்கோ போயிருந்தார்கள். திங்கட்கிழமையும் முகூர்த்தம்.

எனக்கோ திங்கட்கிழமை காலையில் வண்டி வேண்டும். வேண்டும் என்றால், வேண்டும்தான்.

ஏனென்று சொல்கிறேன்.

என் தம்பி மாரியப்பன். என்னைவிட ஆறு வயது இளையவன். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கழுகுமலை ரோட்டுப் பக்கம் விசைத்தறி போட்டு நடத்திக்கொண்டிருந்தான். தறியில் ஒரு நூல் அறுந்தால் அடுத்த அறையில் இருந்தே சத்தத்தை வைத்துச் சொல்லிவிடுவான். அவ்வளவு சுறுசுறுப்பு, அவ்வளவு முன்கோபம். ரெண்டு வருஷத்துக்கு முன்பு இரண்டு கிட்னியும் கைவிட்டுவிட்டன. தறியை வாடகைக்கு விட்டுவிட்டு எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டான்.

திங்கள், வியாழன் இரண்டு நாளும் தென்காசியில் டயாலிசிஸ். நான்தான் கூட்டிக்கொண்டு போவேன். போகும்போதாவது பஸ்ஸில் போய்விடலாம். வரும்போது முடியாது. மெஷினில் இருந்து எழுந்தால் அவனுக்கு உடம்பு துவண்டுவிடும். ஒருமுறை பஸ்ஸில் திரும்பி வரும்போது, சுரண்டையில் இறக்கி பஸ் ஸ்டாண்டு பெஞ்சிலேயே படுக்கவைக்கும்படி ஆகிவிட்டது. அதற்கப்புறம்தான் இந்தக் காரையே வாங்கினோம்.

கொஞ்ச நாளாகவே அவன் 'போதும்' என்று சொல்ல ஆரம்பித்திருந்தான். கோபமாகச் சொன்னால்கூடப் பரவாயில்லை... சாப்பாடு போதும் என்று இலையை மடிப்பது மாதிரி அவ்வளவு சாதாரணமாகச் சொன்னான். அதற்கு முந்தைய மாதம் ஒரு நாள் பிடிவாதமாக வர மறுத்துவிட்டான். மறுநாளே கால் வீங்கி, மூச்சு விட முடியாமல் தவித்து, அவசர அவசரமாகத் தூக்கிக்கொண்டு ஓடினோம். டாக்டர் என்னைத்தான் திட்டினார். இன்னொரு தடவை இப்படி விட்டால் நான் பொறுப்பில்லை என்றார்.

நானும் சும்மா இருக்கவில்லை. பேசினேன். மெஷினில் பத்து வருஷமாக ஓட்டுகிறவர்களைப் பற்றிச் சொன்னேன். அம்மா இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பாள் என்றேன். எங்கள் ஊர்க் கோமதியம்மனை இழுத்தேன். மகளை விட்டுப் பேசவைத்தேன். அவன் எல்லாவற்றையும் கேட்பான். கேட்டுவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொள்வான்.

இந்த நிலைமையில்தான் ரிமோட் வாளிக்குள் விழுந்தது.

விஷயம் அவன் காதுக்குப் போகாமல் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். நடக்குமா? சின்ன வீடு. அவன் படுக்கையில் இருந்தபடியே கேட்டான். வண்டி கிளம்பாதா என்றான். கிளம்பாதுதான், ஏதாவது பண்ணுவோம் என்றேன்.

"நல்லதாப் போச்சுக்கா" என்றான். "நாளைக்கு ஒரு நா விட்ரு."

மழைக்கு லீவு விட்ட பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி இருந்தது அந்தக் குரல். 

"வியாழக்கெழம போவம்லாலே?"

 சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

அப்போது முடிவு செய்தேன். அந்த ரிமோட்டை நானே சொல்லிக்கொடுப்பது. வண்டிக்குப் புரிகிற வரைக்கும் சொல்லிக்கொடுப்பது. வேறு வழி?

பெட்டியைப் பிரித்தேன். கையில் அடங்குகிற சின்ன ரிமோட். கூடவே மடித்து வைத்த ஒரு காகிதம். அதில் எறும்பு ஊர்ந்த மாதிரி இங்கிலீஷ். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தும் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. 'ரகசியப் பட்டனை அமுக்கவும்' என்பது மட்டும் விளங்கியது.

ரகசியப் பட்டனா? இத்தனை நாள் ஓட்டுகிறேன், என் வண்டிக்குள் ஒரு ரகசியம் இருப்பதே எனக்குத் தெரியாது.

வண்டியை எங்களுக்கு விற்றவர் மேலநீலிதநல்லூர்க்காரர், ரிட்டையர் ஆன ஹெட்மாஸ்டர். அவருக்கு போன் போட்டேன். அலாரம் பொருத்திய ஆள் ஸ்டியரிங்குக்கு அடியில், ஃபியூஸ் பெட்டியை ஒட்டி ஒரு பட்டன் வைத்ததாக ஞாபகம் என்றார். அமுக்கிப் பார்த்ததுண்டா என்று கேட்டேன். அமுக்கினால் என்ன ஆகுமோ என்று பயந்து அந்தப் பக்கமே போனதில்லையாம். போனை வைக்கும் முன் எனக்கு வாழ்த்துச் சொன்னார். ஏதோ பரீட்சைக்குப் போகிறவளிடம் சொல்வது மாதிரி.

மகள் செல்போனுக்கு ஒரு வீடியோ அனுப்பினாள். அதே அலாரம், அதே ரிமோட். ஆனால் பேசுகிறவர் இந்தியில் பேசினார். எங்கள் வீட்டில் யாருக்கும் இந்தி தெரியாது. சத்தத்தை அமர்த்திவிட்டு அந்த ஆளின் கையை மட்டும் பார்த்தோம். கதவுகளை மூடுகிறார். சாவியைப் போட்டு, எஞ்சினைக் கிளப்பாமல், லைட் எரிகிற அளவுக்குத் திருப்புகிறார். ரகசியப் பட்டனைச் சில தடவை வேகமாக அமுக்குகிறார். சைரன் ஒரு தடவை 'கீச்' என்கிறது. உடனே ரிமோட்டில் ரெண்டு பட்டனையும் சேர்த்து அமுக்குகிறார். இண்டிகேட்டர் விளக்குகள் சிமிட்டுகின்றன. அவர் நம்மைப் பார்த்துச் சிரிக்கிறார். அவ்வளவுதான்.

பார்க்க என்னவோ சுலபமாகத்தான் இருந்தது. வீடியோவில் எதுதான் கஷ்டமாக இருந்திருக்கிறது?

சாவியைக் கதவில் போட்டுத் திருகினேன்.

சைரன் அலறியது பாருங்கள்... தெருவே வெளியில் வந்துவிட்டது. மதியச் சாப்பாட்டுக்குப் பின் கண்ணயர்ந்திருந்தவர்கள் எல்லாம் வாசலில் நின்றார்கள். எதிர்வீட்டு அண்ணாச்சி மறுபடி வந்தார். பேட்டரி ஒயரைப் பிடுங்கிவிட்டால் நின்றுவிடும் என்றார். அரிசி யோசனை சொன்னவர் என்பதால் இந்த முறை கேட்கவில்லை.

நான் டிரைவர் சீட்டில் உட்கார்ந்தேன். என் வீட்டுக்காரர் பக்கத்து சீட்டில் ஏறி, உடம்பை வளைத்து, டார்ச் லைட்டைப் பல்லில் கடித்துக்கொண்டு ஸ்டியரிங்குக்கு அடியில் தலையை விட்டார். கொஞ்ச நேரம் ஒயர்களோடு மல்லுக்கட்டினார். கடைசியில் பட்டன் கிடைத்துவிட்டது. மொச்சைக்கொட்டை அளவுதான் இருந்ததாம். சைரனும் தானாகக் களைத்துப்போய் நின்றது. கதவைத் திறந்தால் மறுபடி ஆரம்பித்துவிடும் என்பதால், உள்ளேயே இருந்து முடித்துவிடுவது என்று தீர்மானம்.

ஜன்னல் கண்ணாடியை இறக்கப் போனேன். இவர் தடுத்தார். வீடியோவில் கண்ணாடி ஏற்றியிருந்தது, நாமும் ஏற்றித்தான் வைக்க வேண்டும் என்றார். வைகாசி வெயில். ஏசி கிடையாது – எஞ்சின்தான் கிளம்பவில்லையே. ரெண்டு பேரும் இட்லிப் பானைக்குள் உட்கார்ந்த மாதிரி உட்கார்ந்திருந்தோம்.

நான் சாவியைத் திருப்பினேன். இவர் 'ஒன், டூ, த்ரீ' என்று எண்ணிக்கொண்டே பட்டனை அமுக்கினார். கீச் சத்தம் வரவில்லை. இன்னொரு முறை. வரவில்லை. நான் திருப்புவதற்கு முன்பே இவர் எண்ண ஆரம்பித்துவிடுகிறார் என்றேன். இல்லை, நான்தான் தாமதமாகத் திருப்புகிறேனாம். முப்பத்தைந்து வருஷக் கல்யாண வாழ்க்கையின் சாரம் அந்த ரெண்டு வாக்கியத்தில் அடங்கிவிட்டது.

அப்புறம்தான் கவனித்தேன். முன்னால் மீட்டர் பக்கம் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு. கதவு சரியாக மூடவில்லை என்று அர்த்தம். பார்த்தால், இவர் வேட்டி நுனி கதவில் மாட்டியிருக்கிறது. வேட்டியை இழுக்கக் கதவைத் திறந்தார்...

சைரன்.

இந்தத் தடவை தெருவில் யாரும் வரவில்லை. பழகிவிட்டார்கள். ஆனால் எங்கள் வீட்டு வாசலில் ஓர் ஆள் நின்றுகொண்டிருந்தான். நிலைக்கதவை ஒரு கையால் பிடித்தபடி, கலைந்த தலையும் கசங்கிய சட்டையுமாக மாரியப்பன். ஆஸ்பத்திரிக்குத் தவிர அவன் வாசலுக்கு வந்து ரொம்ப நாளாயிற்று.

"யக்கா, அந்தச் சத்தத்த நிப்பாட்டு. தலைக்குள்ள தறி ஓடுத மாதிரி இருக்கு."

அதைத்தான் செய்துகொண்டிருக்கிறோம், நீ போய்ப் படு என்றேன். அவன் போகவில்லை. படியில் உட்கார்ந்து பார்த்தான். சைரன் நின்றதும் நாங்கள் மறுபடி ஆரம்பித்தோம். கண்ணாடி வழியாக அவன் முகம் தெரிந்தது. நெற்றி சுருங்கிக்கொண்டே வந்தது. தறியில் நூல் அறுந்தால் அந்தக் காலத்தில் இப்படித்தான் சுருங்கும்.

எழுந்து வந்து கண்ணாடியைத் தட்டினான். நான் இவரைக் கேட்காமலேயே இறக்கினேன்.

"அத்தான், நீங்க எண்ணுதது தப்பு. வெளக்கு எரிஞ்ச பொறவுல்லா ஒண்ணு. நீங்க அதுக்கு முன்னாலயே ஒண்ணுன்னுட்டு ஆரம்பிக்கிய."

"அப்ப நீயே எண்ணு மாப்ள" என்றார் இவர். கொஞ்சம் ரோஷத்தோடுதான் சொன்னார்.

மாரி பின் கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தான். சைரன் மறுபடி அலறியது. யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை. அது ஓயும்வரை மூன்று பேரும் காத்திருந்தோம். வெக்கையில் அவனுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று எனக்குப் பயம். நாலு கண்ணாடியையும் இறக்கிவிட்டேன். வீடியோக்காரர் என்ன நினைத்தாலும் நினைத்துக்கொள்ளட்டும்.

என் கை சாவியில். இவருக்கு ஒரு கையில் டார்ச், ஒரு கையில் பட்டன். ரிமோட் டேஷ்போர்டு மேல் கிடந்தது. பின்னால் இருந்து ஒரு கை நீண்டது. ஊசி போட்டுப் போட்டு முண்டும் முடிச்சுமாக நரம்பு புடைத்திருக்கும் இடது கையை மடியில் வைத்துக்கொண்டு, வலது கையை நீட்டியிருந்தான். நான் ரிமோட்டை எடுத்து அதில் வைத்தேன்.

"ம்... திருப்பு."

திருப்பினேன். விளக்கு எரிந்தது. அவன் எண்ணினான். ஒரே சீராக, தறி அடிக்கிற தாளத்தில் எண்ணினான். இவர் அதற்கேற்ப அமுக்கினார்.

'கீச்.'

வந்துவிட்டது! மாரி ரெண்டு பட்டனையும் சேர்த்து அமுக்கினான். நாங்கள் இண்டிகேட்டர் விளக்கையே பார்த்தோம். சிமிட்டவில்லை. மறுபடி செய்தோம். கீச் என்றது, அவன் அமுக்கினான், விளக்கு சிமிட்டவில்லை. மறுபடியும். மறுபடியும் அதே கதை.

ஆன்லைனில் பார்த்து வாங்கினால் இப்படித்தான் என்று இவர் மகளைக் குறை சொன்னார்.  வாயைத் திறந்தால் அழுதுவிடுவேன் என்று எனக்குத் தோன்றியது. நெற்றி வேர்வை கண்ணுக்குள் இறங்கி எரிந்தது. இத்தனை பாடுபட்டும் நாளைக்கு வண்டி கிளம்பாது... நாளைக்குப் போகாவிட்டால் வியாழக்கிழமை போக மாட்டான்... அதற்கு அப்புறம்? அதற்கு மேல் நினைக்கவில்லை. ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்துக்கொண்டேன்.

பின் சீட்டில் மாரி அலுத்துப்போய்ச் சாய்ந்துவிட்டான் என்று நினைத்தேன்.

"யக்கா, ஒரு கொண்டை ஊசி குடு."

எடுத்துக் கொடுத்தேன். கண்ணாடியில் பார்த்தேன். ரிமோட்டை மூக்குக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பட்டனை அமுக்கி அமுக்கிப் பார்க்கிறான். அதில் ஒரு கடுகு அளவு லைட் இருந்திருக்கிறது. அது எரியவே இல்லை என்பதை அவன் கவனித்துவிட்டான். ஊசியால் பின்பக்க மூடியை நெம்பினான். உள்ளே வட்ட பேட்டரி. பேட்டரிக்கு அடியில் கண்ணாடி மாதிரி ஒரு பிளாஸ்டிக் துண்டு. கடையில் இருக்கும்போது பேட்டரி தீர்ந்துவிடக் கூடாது என்று வைத்து அனுப்புவார்களே, அது. பிரித்ததும் இழுத்து எறிய வேண்டியது. நாங்கள் யாரும் பார்க்கவில்லை.

உருவி எடுத்து ரெண்டு விரலால் பிடித்துக் காட்டினான்.

"யக்கா... இதுக்கு இன்னும் உசுரே குடுக்கலியே."

முதலில் சிரித்தது இவர்தான். அப்புறம் நான். ஒரு மணி நேரமாக உயிரில்லாத ஒன்றை வண்டிக்கு அறிமுகம் செய்துகொண்டிருந்திருக்கிறோம்! அப்புறம் மாரி. பின் சீட்டில் தலையைச் சாய்த்து, சத்தம் வராமல், வயிறு குலுங்கச் சிரித்தான். அவன் சிரித்தால் அப்படித்தான் இருக்கும் என்பதையே நான் மறந்திருந்தேன்.

"சரி, திருப்பு" என்றான், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

திருப்பினேன். எண்ணினான். அமுக்கினார். கீச். ரெண்டு பட்டனையும் சேர்த்து அமுக்கினான்.

முன்னாலும் பின்னாலும் இண்டிகேட்டர் விளக்குகள் சிமிட்டின. ஒரு தடவை... இன்னொரு தடவை.

மாரி திறக்கிற பட்டனைத் தட்டினான், நான் சாவியை முழுசாகத் திருப்பினேன். எஞ்சின் உறுமியது. ஏசியைத் தட்டிவிட்டேன். குளிர்ந்த காற்று முகத்தில் பட்டதும் எங்கிருந்தோ ஒரு பெருமூச்சு வந்தது பாருங்கள்... மூன்று பேருக்கும் சேர்த்து நான் ஒருத்தியே விட்டேன். எதிர்வீட்டு அண்ணாச்சி வாசலில் நின்று கை தட்டினார். அவருடைய மதியத் தூக்கத்துக்கும் அப்போதுதான் விடுதலை.

ரிமோட்டை மாரி திருப்பிக் கொடுக்கவில்லை. நாங்கள் இறங்கிய பிறகும் படியில் உட்கார்ந்து பூட்டினான், திறந்தான். பூட்டினான், திறந்தான். தெருவின் கடைசி வரைக்கும் நடந்து போய் அங்கிருந்து வேலை செய்கிறதா என்று பார்த்தான். அவன் அவ்வளவு தூரம் நடந்ததைப் பார்த்துக்கொண்டு நான் வாசலிலேயே நின்றேன். கூப்பிடவில்லை. ஜாக்கிரதை என்றுகூடச் சொல்லவில்லை. எனக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

திரும்பி வந்து, மூச்சு வாங்க, நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான். என் முகத்தைப் பார்க்காமல் கேட்டான்.

"காலைல எத்தன மணிக்குக் கெளம்பணும்?"

"எப்பவும் போலத்தாம்லே" என்றேன்.

அவ்வளவுதான் பேச்சு. நான் சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு, கழுவ ஒரு பாத்திரமும் இல்லாமல் சும்மா நின்றுகொண்டிருந்தேன். இவர் எட்டிப் பார்த்தார். ஒன்றும் கேட்காமல் போய்விட்டார். சில நேரம் மனுஷனுக்குப் புரிந்துவிடுகிறது.

திங்கட்கிழமை காலையில் மாரிதான் ரிமோட்டால் கதவைத் திறந்தான். தென்காசிக்குப் போனோம். மெஷினில் நாலு மணி நேரம். நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். ரொம்ப நாளைக்குப் பிறகு அந்த பெஞ்சில் எனக்குத் தூக்கம் வந்தது. நர்ஸ் வந்து எழுப்பினாள்.

வரும்போது சுரண்டை தாண்டும் வரைக்கும் சீட்டைச் சாய்த்துப் படுத்தே வந்தான். வீரசிகாமணி பக்கத்தில் கண்ணைத் திறந்தான். அவனுக்குத் தண்ணீரே அளந்துதான் கொடுக்க வேண்டும். அப்படியும் ஒரு கடை ஓரம் நிறுத்தி, ஒரு டீ வாங்கி, ரெண்டு மடக்கு அவனுக்குக் கொடுத்துவிட்டு மீதியை நான் குடித்தேன். அப்போதுதான் கேட்டேன்.

"நேத்து எதுக்குலே எந்திரிச்சு வந்த?"

வெளியே சுற்றும் காற்றாலைகளைப் பார்த்தான்.

"சத்தம் தாங்கலக்கா" என்றான். அப்புறம், "அத்தான் எண்ணுததத்தான் அதவிடத் தாங்க முடியல."

நான் சிரித்துவிட்டேன். அவன் சிரிக்கவில்லை. வேறு ஏதோ சொல்ல வருகிறவன் மாதிரி இருந்தான்.

"நாந்தான் உன்ன வாரத்துல ரெண்டு நா ரோட்டுல ஓட விடுதேன்னு நெனச்சுக்கிட்டுக் கெடந்தேன். நேத்து அந்த வேர்வைல கெடந்து நீங்க ரெண்டு பேரும் படுத பாட்டப் பாத்தா... நான் விட்டாலும் நீங்க விட மாட்டிய போலிருக்கே."

"விட மாட்டோம்லே" என்றேன்.

வண்டியைக் கிளப்பினேன். ஊர் வரும் வரைக்கும் ரிமோட் அவன் மடியிலேயே இருந்தது.  

ஒரு ரிமோட் என் தம்பியின் மனசை மாற்றிவிட்டது என்றெல்லாம் எழுத எனக்குத் தைரியம் இல்லை. வியாழக்கிழமையும் வந்தான். அடுத்த திங்களும் வந்தான். நடுவில் ஒரு நாள் காலையில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு கிளம்பினான். கிளம்பினான், அதுதான் முக்கியம். இனிமேல் 'போதும்' என்று சொல்லவே மாட்டான் என்று யார் சொல்ல முடியும்? சொன்னால் அன்றைக்குப் பார்த்துக்கொள்வோம்.

ஆனால் ஒன்று மட்டும் யோசித்துக்கொண்டே இருக்கிறேன். அவனிடம் மாதக்கணக்கில் பேசினேன். எவ்வளவு பேச்சு! அத்தனை பேச்சுக்கும் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டவன், நாங்கள் ஒரு வேலையைத் தப்புத் தப்பாகச் செய்வதைப் பார்த்ததும் எழுந்து வந்துவிட்டான். அவனுக்கு ஆறுதல் சொல்ல ஆயிரம் பேர் இருந்தோம். அவன் கை வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. அன்றைக்கு வண்டிக்குள் எங்கள் கைகள் போதவில்லை, அவ்வளவுதான்.

உங்கள் வீட்டிலும் யாராவது சுவரைப் பார்த்துப் படுத்திருக்கலாம். பக்கத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டே இருக்காதீர்கள். ஏதாவது ஒரு வேலையில் அவர்கள் கை இல்லாமல் உங்களுக்கு ஆகாது என்று தெரியும்படி விடுங்கள்.

பாருங்கள்... அறிவுரை வேண்டாம் என்று சொல்லவந்து, நானும் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன்!